இல்லாத கை அரிக்கிறது

பாடியில், லூகாஸ் நிறுத்தத்திலிருந்து உள்ளே திரும்பும் எங்கள் தெருவில் ஓர் அண்ணன் இருக்கிறார். மாலையில் வாசல்படியில் உட்கார்ந்து டீ குடித்து முடித்ததும், வலது கையை இடப்பக்கம் கொண்டுபோய்க் காற்றைச் சொறிவார். சொறியும் இடத்தில் கை கிடையாது. இடது கை மணிக்கட்டுக்குச் சற்று மேலேயே முடிந்துவிடுகிறது. இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு சின்னப் பட்டறையின் பவர் பிரஸ் எடுத்துக்கொண்ட கை அது.

அந்த மெஷினில் இரண்டு பொத்தான்கள் உண்டு. இரண்டு கையாலும் ஒருசேர அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். கை எதுவும் டைக்கு அடியில் மாட்டிவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி ஓர் ஏற்பாடு. எண்ணிக்கை ஏறவேண்டும் என்று ஒரு பொத்தானைக் கட்டி வைத்துவிட்டால், ஒரு கை அழுத்தும், இன்னொரு கை தகட்டைத் தள்ளும். இரவு ஷிஃப்ட் முடிய அரை மணி நேரம் இருந்தபோது அது நடந்தது.

"விரலு மடங்கியே இருக்கு தம்பி. நகம் உள்ளங்கையில குத்துது. தொறக்கணும்னு பாக்கறேன், தொறக்க மாட்டேங்குது" என்று பல வருடங்களாகச் சொல்லிவருகிறார். ஆரம்பத்தில் வீட்டிலேயே யாரும் நம்பவில்லை. புத்தி பேதலித்துவிட்டது என்றார் ஒருவர். மந்திரிக்கக் கூட்டிப்போனார்கள். ஆறிப்போன தழும்பைப் பார்த்துவிட்டு, புண் ஆறிவிட்டது, வலிக்க எதுவுமில்லை என்று அனுப்பியவர்களும் உண்டு. வலிக்க எதுவுமில்லை என்ற அந்தச் சொல்தான் தனக்கு அதிகமாக வலித்தது என்பார்.

இந்த வலியை நம்பி, அதன் பின்னாலேயே போய், மூளையைப் பற்றி உலகம் நினைத்திருந்ததைக் கலைத்துப்போட்ட ஒருவர் படித்தது, அண்ணனின் கைக்குக் கட்டுப் போட்ட அதே ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில்தான்.

வில்லிவாக்கம், பெரம்பூர் தாண்டிப் பழைய சிறைச்சாலை சாலையில் இருக்கும் அந்த ஆஸ்பத்திரியின் பெயர் இந்தப் பக்கத்துத் தொழிலாளர் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் தெரியும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில், பாடியில், திருவொற்றியூரில் கை நசுங்கினால் வண்டி அங்கேதான் போகும். வடசென்னை ஆலைகளிலிருந்து இப்படி ஓயாமல் வந்த கைகளைப் பார்த்துத்தான் டாக்டர் ஆர். வெங்கடசாமி 1970களின் தொடக்கத்தில் அங்கே கைக்கென்றே ஒரு சிகிச்சைப் பிரிவை உருவாக்கினார். இன்று அது கை ஆராய்ச்சிக்கும் மறுவாழ்வுக்குமான தனி நிலையமாக வளர்ந்து நிற்கிறது. அதே ஆண்டுகளில் அதே கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படித்துக்கொண்டிருந்தார் விளையனூர் சுப்பிரமணியன் ராமச்சந்திரன். முன்னவர் நசுங்கிய கையை மீட்கப் போராடினார். பின்னவர், பல வருடம் கழித்து, இல்லாத கையைத் தேடிப் போனார்.

ராமச்சந்திரன் 1951இல் பிறந்தவர். அரசியல் சட்டத்தை வரைந்த குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் பேரன். அப்பாவுக்கு ஐ.நா. வேலை என்பதால் சிறுவயதில் பாங்காக் வாசம். வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு சோதனைச்சாலை வைத்திருந்த பையன். சிப்பி, புதைபடிவம், நுண்ணோக்கி, ரசாயனம் என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் ஆராய்ந்தவர். அந்தப் புதைபடிவப் பித்து கடைசிவரை விடவில்லை. அவர் வாங்கிய ஒரு டைனோசர் மண்டையோடு புதிய இனம் என்று தெரியவந்து, 2009இல் அதற்கு அவர் பெயரையே சேர்த்து மினோடாரசாரஸ் ராமச்சந்திரனி என்று பெயரிட்டார்கள்.

ஸ்டான்லியில் மாணவராக இருந்தபோதே இரண்டு கண்களின் பார்வை எப்படி ஒன்றாகிறது என்பதில் அவருக்கு மோகம். அந்த வயதிலேயே நேச்சர் இதழில் அவர் கட்டுரை வந்துவிட்டது. மெட்ராஸில் ஒரு மருத்துவ மாணவர், பெரிய கருவி எதுவும் இல்லாமல், கண்ணையும் மூளையையும் ஏமாற்றும் படங்களை வைத்துச் செய்த வேலை அது. பிறகு கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் பி.எச்.டி., அப்புறம் கலிபோர்னியா. 2007இல் பத்மபூஷண். மற்ற பட்டங்களை விட்டுவிடுவோம். எனக்கு முக்கியமாகப் படுவது 1991க்குப் பின் நடந்ததுதான்.

குரங்கிடம் கேட்க முடியாத கேள்வி

அந்த ஆண்டு டிம் பான்ஸ் என்பவரும் அவர் குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பதினோரு ஆண்டுகளுக்கும் மேலாகக் கையின் உணர்வு நரம்புகள் அறுபட்டிருந்த குரங்குகளின் மூளையில், கைக்கு உரிய பகுதி சும்மா கிடக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஆனால் குரங்கின் முகத்தைத் தொட்டதும் அந்தக் கைப்பகுதி துடித்தது.

இதற்கு ஒரு பின்னணி இருக்கிறது. உடம்பின் தொடுவுணர்வு முழுவதும் மூளையின் மேற்பரப்பில் ஒரு பட்டையாக, வரைபடம் போல விரிந்திருக்கிறது. கனடாவில் மாண்ட்ரியலைச் சேர்ந்த அறுவை நிபுணர் வைல்டர் பென்ஃபீல்டு, நோயாளி விழித்திருக்கும்போதே மூளையை லேசான மின்சாரத்தால் தொட்டுத் தொட்டு, "எங்கே தெரிகிறது?" என்று கேட்டு அந்த வரைபடத்தை எழுதினார். அதில் ஒரு விசித்திரம்: கைக்குப் பக்கத்து வீடு முகம்.

பான்ஸின் கட்டுரையைப் படித்ததும் ராமச்சந்திரன் துள்ளி எழுந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் காலி மனையில் குடியேறுவதுபோல, முகத்தின் செய்திகள் கையின் இடத்துக்குள் நுழைந்துவிட்டன என்றால், கை போன மனிதருக்கு முகத்தைத் தொட்டால் என்ன தோன்றும்? குரங்கிடம் இதைக் கேட்க முடியாது. மனிதரிடம் கேட்கலாம். தெரிந்த டாக்டர்களிடம் சொல்லிவைத்து, விபத்தில் முழங்கைக்கு மேல் கையை இழந்து நான்கே வாரம் ஆன பதினேழு வயது இளைஞர் ஒருவரைக் கண்டுபிடித்தார். கண்ணைக் கட்டி, காது குடையும் பஞ்சுக்குச்சியால் முகத்தைத் தொட்டார்.

கன்னத்தில் தொட்டபோது, கன்னத்தில் தொடுகிறீர்கள், இல்லாத கட்டைவிரலிலும் தொடுகிறீர்கள் என்றான் அந்தப் பையன். மேலுதட்டில் தொட்டால் ஆள்காட்டி விரல். தாடையில் தொட்டால் சுண்டுவிரல். முகத்தில் வெதுவெதுப்பான நீரை வழியவிட்டபோது, அது இல்லாத கையின் மீதும் வழிந்தது.

ஒரு பஞ்சுக்குச்சி. அவ்வளவுதான் செலவு. வளர்ந்தவரின் மூளை கல்லில் எழுதியது போன்றது, மாறாது என்று பாடப்புத்தகம் சொல்லிவந்த காலம் அது. நான்கு வாரத்துக்குள் இப்படி ஒரு மாற்றமா என்று நரம்பியல் உலகமே திரும்பிப் பார்த்தது. தன் ஆதர்சம் மைக்கேல் ஃபாரடே என்று ராமச்சந்திரன் சொல்வார். காந்தத்தையும் கம்பிச்சுருளையும் வைத்து மின்சார யுகத்தைத் தொடங்கிய மனிதர். ராமச்சந்திரன் செய்ததெல்லாம் அந்த வம்சத்துச் சோதனைகள்.

இழந்த உறுப்பு இன்னும் இருப்பதாகத் தோன்றும் இந்த மாய உறுப்பு என்ற விஷயம், அவர் காலத்துக்கு முன்பே மருத்துவ உலகத்துக்குத் தெரிந்ததுதான். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வெட்டுப்பட்ட கைகால்களைப் பார்த்த சைலஸ் வேர் மிட்செல் என்ற மருத்துவர் 1871இல் அதற்குப் பெயர் வைத்தார். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு அவரே அதைத் தன் பெயரைப் போடாமல் ஒரு பத்திரிகையில் கதையாக எழுதியிருந்தார். ஒரு மருத்துவ உண்மை, முதலில் கதை வேஷம் போட்டுக்கொண்டு வெளியே வந்தது. எங்கள் தெரு அண்ணன் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு அதில் ஆச்சரியம் இருக்காது.

அட்டைப்பெட்டியும் கண்ணாடியும்

மாயக் கை இருப்பதாகத் தோன்றுவது ஒன்று. அது வலிப்பது வேறு. பலருக்கு அந்தக் கை இறுகிய முஷ்டியாகவே உறைந்துவிடுகிறது. ராமச்சந்திரன் இதற்கு ஒரு விளக்கம் யோசித்தார். கையை விரி என்று மூளை கட்டளை அனுப்புகிறது. விரிந்தது என்று கண்ணோ தசையோ பதில் அனுப்ப வேண்டும். பதில் வருவதில்லை. கட்டளை போய்க்கொண்டே இருக்கிறது, பதில் வராமலே இருக்கிறது. கடைசியில் இந்தக் கை அசையாது என்ற பாடத்தை மூளை மனப்பாடம் செய்துவிடுகிறது.

அப்படியானால் பொய்யாகவாவது ஒரு பதிலை அனுப்பினால் என்ன?

ஒரு பெட்டியின் நடுவில் கண்ணாடியை நிமிர்த்தி வைத்தார். இருக்கிற கையைக் கண்ணாடியின் முன்னால் நீட்ட வேண்டும், இல்லாத கையைக் கண்ணாடிக்குப் பின்னால் நீட்டுவதாக நினைத்துக்கொள்ள வேண்டும். கண்ணாடியில் தெரியும் பிம்பம், இல்லாத கை இருக்க வேண்டிய இடத்தில் சரியாக வந்து உட்காரும். பிறகு இரண்டு கையையும் ஒன்றாக விரிப்பதுபோல அசைக்க வேண்டும். பத்து வருடமாக உறைந்திருந்த மாயக் கை அசைந்துவிட்டது என்று ஒருவர் கத்தினார். அவர் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தினமும் பழகினார். சில வாரங்களில் மாயக் கையே மறைந்து, தோளிலிருந்து விரல்கள் மட்டும் தொங்குவதுபோல் மிச்சம் இருந்தன. இல்லாத கையை வெட்டியெடுத்த முதல் வெற்றிகரமான அறுவை சிகிச்சை என்று ராமச்சந்திரன் அதைச் சொல்லி மகிழ்ந்தார்.

2007இல் அமெரிக்க ராணுவ மருத்துவமனை ஒன்றில் கால் இழந்த வீரர்களிடம் இதை முறையாகச் சோதித்தார்கள். ஒரு பிரிவுக்குக் கண்ணாடி, ஒரு பிரிவுக்குத் துணி போர்த்திய கண்ணாடி, ஒரு பிரிவுக்குக் கண்ணை மூடிக் கற்பனை மட்டும். நான்கு வாரம் முடிந்தபோது கண்ணாடி பார்த்த ஆறு பேருக்குமே வலி குறைந்திருந்தது. ஆறு என்பது சின்ன எண்ணிக்கை. அதன்பின் வந்த ஆய்வுகள் எல்லாம் இவ்வளவு உறுதியாகப் பேசவில்லை. சிலருக்குக் கேட்கிறது, சிலருக்குக் கேட்பதில்லை. ஆனாலும் கண்ணாடி பரவிவிட்டது. பக்கவாதத்தில் கை விழுந்தவர்களுக்கான பயிற்சிக்கும் அது போனது. தானே ஒரு காலை இழந்த கனடாக்காரர் ஸ்டீபன் சம்னர், சைக்கிளில் கண்ணாடிகளைக் கட்டிக்கொண்டு, கண்ணிவெடியில் கால் போனவர்களைத் தேடிக் கம்போடிய கிராமங்களுக்குப் போனார். மின்சாரம் வேண்டாம், மருந்து வேண்டாம். கிராமத்துக்குள் சைக்கிள் போனால் போதும்.

இதையெல்லாம் படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. எம்.டி.எச். ரோட்டில் ஒரு கண்ணாடிக் கடையில் ஒன்றரை அடிக்கு ஓர் அடி கண்ணாடி வெட்டி, ஓரம் தேய்த்து வாங்கினேன். மிக்ஸி வந்த அட்டைப்பெட்டி ஒன்று வீட்டில் இருந்தது. அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்த பிசியோதெரபிஸ்ட்டிடம் முதலில் கேட்டோம். தாராளமாகச் செய்யுங்கள், ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம், தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள் என்றார்.

முதல் நாள் அண்ணன் கண்ணாடியைப் பார்த்துவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். இருபது வருடம் கழித்து இடது கையைப் பார்க்கிறார். மோதிரம் போட்டிருந்த விரல், கடிகாரம் கட்டிய மணிக்கட்டு என்று வலது கையில் இருப்பதெல்லாம் இடதில் தெரிந்தன. "கடியாரத்தக் கழட்டிடறேன் தம்பி, நான் எடக்கைல கட்டினதில்ல" என்றார். கழற்றினார். அண்ணி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எதுவும் பேசவில்லை.

நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ, வலது முஷ்டியை மெதுவாக விரித்துக்கொண்டே வந்தவர் மூச்சை இழுத்து நிறுத்தினார். "சுண்டுவெரலு வுட்டுடுச்சு." அடுத்த வாரத்தில் மோதிர விரல். நகம் குத்துவது நின்றது. அரிப்பு மட்டும் இன்றுவரை போகவில்லை. பஞ்சுக்குச்சி சோதனையும் செய்து பார்த்தேன். கன்னத்தைத் தொட்டால் கன்னம்தான் தெரிகிறது என்றார். ஆனால் வெட்டுப்பட்ட முனைக்கு மேலே, முன்கையின் உட்புறத்தில் ஓர் இடத்தைத் தொட்டதும், "அதான், அங்கதான் அரிக்குது" என்றார். இப்போது காற்றைச் சொறியாமல் அந்த இடத்தைச் சொறிகிறார். கொஞ்சம் அடங்குகிறதாம்.

தமிழ்க் காதுக்கு ஒரு சோதனை

ராமச்சந்திரனின் ஆர்வம் ஓரிடத்தில் நிற்பதில்லை. எண்களைப் பார்த்தால் நிறம் தெரிகிறவர்கள், தன் அம்மாவைப் பார்த்து, அம்மா மாதிரியே இருக்கும் வேறு யாரோ என்று சொல்கிறவர்கள் என்று அடுத்தடுத்துப் போய்க்கொண்டே இருந்தார். அந்த அம்மா விஷயம் நெஞ்சைப் பிசைவது. விபத்தில் தலையில் அடிபட்ட ஒருவருக்கு நேரில் பார்த்தால் அம்மா போலி; அதே அம்மா தொலைபேசியில் பேசினால் அசல் அம்மா. முகத்தை அறியும் பகுதியிலிருந்து பாசத்தின் பகுதிக்குப் போகும் வழி அறுந்துவிட்டது, குரல் போகும் வழி அறுபடவில்லை என்று விளக்கினார் அவர்.

தமிழர்களுக்குப் பிடித்துப்போகும் சோதனை ஒன்றும் உண்டு. 2001இல் எட்வர்ட் ஹப்பர்டுடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில் வருவது. இரண்டு வடிவங்கள். ஒன்று கூர்கூராக முள் நீட்டியது, இன்னொன்று மேகம் போல வளைந்து வளைந்து போவது. இதில் எது கிகி, எது பூபா? அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் கேட்டார்கள். இங்கே தமிழ் பேசுகிறவர்களிடமும் கேட்டார்கள். இரண்டு பக்கமும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல், முள்தான் கிகி, மேகம்தான் பூபா என்றார்கள். ஒலிக்கும் உருவத்துக்கும் மூளைக்குள்ளேயே ஏதோ உறவு இருக்கிறது, மொழி பிறந்ததில் அதற்கும் பங்கிருக்கலாம் என்பது அவர் வாதம். எங்கள் தெருவில் சாக்பீஸால் தரையில் இரண்டையும் வரைந்து பிள்ளைகளிடம் கேட்டேன். கேள்வியை முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. மறுக்கவும் ஒரு பெண் இருந்தாள். அவளுக்கு மேகம்தான் கிகி, ஏனென்றால் அவள் வீட்டுப் பூனையின் பெயர் அது.

ஆர்வம் சிலசமயம் சான்றை முந்திக்கொண்டு ஓடிவிடும். ராமச்சந்திரனுக்கும் அது நடந்திருக்கிறது. இத்தாலியில் பார்மா நகரத்து ஆய்வாளர்கள் 1990களில் கண்ணாடி நியூரான்களைக் கண்டுபிடித்தார்கள். அடுத்தவர் செய்வதைப் பார்க்கும்போதே தானே செய்வதுபோலத் துடிக்கும் செல்கள் அவை. உயிரியலுக்கு டி.என்.ஏ. செய்ததை உளவியலுக்கு இவை செய்யும் என்று 2000இல் எழுதினார் அவர். மொழி, பரிவு, ஆட்டிசம், நாகரிகம் எல்லாவற்றுக்கும் அவற்றில் விடை தேடினார். கால் நூற்றாண்டு ஆகிறது, அந்த அளவுக்குச் சான்று சேரவில்லை. கடுமையாக மறுத்துப் புத்தகமே எழுதினார்கள். அவர் அங்கே அளவு மீறிப்போனார் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் துள்ளி எழத் தெரியாதவர் பஞ்சுக்குச்சியை எடுத்திருக்கவும் மாட்டார்.

இன்று சென்னையிலேயே மூளை ஆய்வு வேறொரு உயரத்துக்குப் போயிருக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸில் 2022இல் திறக்கப்பட்ட சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையத்தில், மனித மூளையை மெல்லிய சீவல்களாக அரிந்து, ஒவ்வொரு சீவலையும் செல் செல்லாகத் தெரியும்படி படமெடுத்துச் சேர்க்கிறார்கள். கருவில் இருக்கும் சிசுவின் மூளை எப்படி உருவாகிறது என்று காட்டும் 'தரணி' என்ற தொகுப்பை 2024 டிசம்பரில் வெளியிட்டார்கள். ஐந்து மூளைகள், 5,132 சீவல்கள், உலகத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் திறந்து பார்க்கலாம். பஞ்சுக்குச்சியால் கேட்க முடியாத கேள்விகளுக்கு இந்தப் படங்கள் வேண்டும். ஆனால் செத்த மூளையின் படத்தை எத்தனை நுணுக்கமாகப் பார்த்தாலும் எங்கே அரிக்கிறது என்று அது சொல்லாது. அதை வாசல்படியில் உட்கார்ந்திருப்பவரிடம்தான் கேட்க வேண்டும்.

காலி மனையா, குடியிருக்கும் வீடா?

2025 ஆகஸ்டில் நேச்சர் நியூரோசயின்ஸ் இதழில் வந்த கட்டுரை, ராமச்சந்திரனின் பஞ்சுக்குச்சிக் கதையின் அடிப்படையையே அசைக்கிறது. ஹண்டர் ஷோன், டமார் மேக்கின், கிறிஸ் பேக்கர் ஆகியோர் இதுவரை யாரும் செய்யாத ஒன்றைச் செய்தார்கள். நோய் காரணமாகக் கையை எடுத்தாக வேண்டும் என்று முடிவான மூன்று பேரை, கை போவதற்கு முன்பே ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டார்கள். விரலை ஒவ்வொன்றாக அசை, உதட்டைக் குவி என்று சொல்லி மூளையின் வரைபடத்தைப் பதிந்தார்கள். கையை எடுத்த பிறகு, இல்லாத விரலை அசைக்கச் சொல்லி மறுபடி மறுபடி ஸ்கேன் செய்தார்கள். வருடக்கணக்கில் தொடர்ந்தார்கள்.

வரைபடம் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. பழைய படங்களை வைத்துப் பழக்கிய கணினி, புதிய படத்தைப் பார்த்து இது எந்த விரல் என்று கண்டுபிடித்தது. முகம் பக்கத்து மனைக்குள் குடியேறவே இல்லை. முன்பெல்லாம் கை போன பின்புதான் ஆளைப் பரிசோதித்தார்கள், அதற்கு முன் எப்படி இருந்தது என்று ஒப்பிட வழியில்லாமல் இருந்தது. இப்போது வழி கிடைத்திருக்கிறது. கன்னத்தில் கட்டைவிரல் தெரிந்தது என்று அந்தப் பையன் சொன்னது இதனால் பொய்யாகிவிடாது. அதற்குச் சொன்ன விளக்கம்தான் மாற வேண்டியிருக்கிறது. நடைமுறையில் இது பெரிய சேதி. கையின் வரைபடம் அழியாமல் இருக்கிறது என்றால், மூளையிலிருந்து நேரடியாகக் கட்டளை வாங்கி அசையும் இயந்திரக் கைகளை நம்பிக்கையோடு செய்யலாம். வலிக்குத் தீர்வை, வரைபடத்தைத் திருத்துவதில் தேடுவதை விட்டு, வெட்டுப்பட்ட நரம்பின் முனையில் தேடலாம்.

அந்தக் கட்டுரையைப் படித்த வாரக் கடைசியில் அண்ணன் வீட்டுக்குப் போய் இதை எனக்குத் தெரிந்த தமிழில் சொன்னேன். மொபைலில் அந்த ஸ்கேன் படங்களையும் காட்டினேன். முன்பு, பின்பு என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மூளை, இரண்டிலும் அதே இடத்தில் அதே நிறத்தில் விரல்கள். டீ தம்ளரைப் படியில் வைத்துவிட்டு, மொபைலை வாங்கி நிதானமாகப் பார்த்தார்.

"எடுத்த அப்புறமும் கை உள்ளாறயே இருக்குன்னு சொல்றாங்களா?"

"ஆமாண்ணே."

"அதத்தான தம்பி நான் இருவது வருசமா சொல்லிக்கினு இருக்கேன்" என்றார். பிறகு உள்ளே திரும்பி அண்ணியைக் கூப்பிட்டார். அவர் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்ததும், படத்தைப் பெரிதாக்கச் சொல்லி என்னிடம் மொபைலை நீட்டினார். "இதோ பாரு" என்று கட்டைவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாக அவருக்குக் காட்ட ஆரம்பித்தார்.